பாலத்துக்கு இந்தப் பக்கம்

இதுல உக்காருங்க சார். அந்தப் பெஞ்சு வேண்டாம், ஒரு பக்கம் இறங்கிக் கிடக்கு. கல்யாணத்துக்கு வந்தவரா? பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். உள்ளூர்க்காரன் இந்த நேரத்துக்கு இங்க வர்றதில்ல. மண்டபத்துல யாராவது சொல்லியிருப்பாங்க, காலையில நடக்கணும்னா பழைய ரயில் ரோட்டுக்குப் போங்கன்னு. அந்த ரயில் ரோட்டை நடைபாதையா ஆக்கினது யாருன்னு சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்ல மாட்டாங்க சார். அரசங்குறிச்சி அப்படி.

என் பேரு தெய்வநாயகம். தாலுகா ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு. ரயில்பாதை நடைத்தடப் பராமரிப்பு மற்றும் விரிவாக்கக் குழுவுக்குச் செயலாளர். இப்பவும் நான்தான் செயலாளர். லெட்டர்பேடு இருக்கு, சீல் இருக்கு.

இதுல மீட்டர்கேஜ் வண்டி ஓடுச்சு சார். அகலப்பாதை வந்தப்ப ஊருக்கு அந்தப் பக்கமா புது லைன் போட்டுட்டாங்க. இங்க இருந்த தண்டவாளத்தைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. ஜல்லியும் கருவேல முள்ளுந்தான் மிச்சம். பிறகு நகராட்சியில பழைய ஸ்டேஷன்லருந்து இந்த நூல் மில்லு வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் செம்மண் அடிச்சு, ரெண்டு பக்கமும் வேப்பங்கன்னு வச்சுக் குடுத்தாங்க. குடுத்துட்டு, இனிமே நீங்களே பராமரிச்சுக்கோங்கன்னுட்டாங்க. யாரு பராமரிக்கறது? நடக்குறவன் நடந்துட்டுப் போயிருவான். அப்பதான் நான் குழுவை ஆரம்பிச்சேன். ஏழு பேரு.

வசூல்ங்கறது தனி வித்தை சார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடையில விளக்கு ஏத்தி சாம்பிராணி போடுற நேரம் பாத்துப் போகணும். அந்த நேரத்துல எந்தக் கடைக்காரனும் இல்லைன்னு சொல்ல மாட்டான். கூட நாலு பேரு போகணும். அதுல ஒருத்தர் அவனுக்குச் சம்பந்தியா இருக்கணும். நான் ஒரு வார்த்தை கடுமையாப் பேச மாட்டேன். ரசீது புக்கைப் பிரிச்சு அவன் பேரை எழுதிட்டு, தொகை போடுற இடத்துல பேனாவை வச்சுக்கிட்டுச் சிரிச்ச முகமா நிப்பேன். அவ்வளவுதான். எங்க துணைத்தலைவர் டாக்டர் செண்பகவல்லி, குழந்தை டாக்டர், "சார், ஆஸ்பத்திரி வாசல்ல உங்களைப் பாத்தாலே எனக்கு பி.பி. ஏறுது"ம்பாங்க. அவ்வளவு உரிமையாப் பழகுவாங்க.

ஒரு ஆளைப் போட்டு வேம்பு ஒண்ணு ஒண்ணுக்கும் தண்ணி ஊத்துறது, முள்ளு வெட்டுறது, மழையில அரிச்சா மண்ணு போடுறது, எல்லாம் நன்கொடைதான். மூணு வருஷம் நல்லாப் போச்சு. பிறகுதான் விரிவாக்கம்னு ஒண்ணை நானே யோசிச்சேன். இந்த மில்லுலருந்து நேரா இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போனா மணலோடைப் பாலம். வெள்ளைக்காரன் காலத்துக் கல் பாலம், ஆறு வளைவு. பாக்க அப்படி இருக்கும். பாலம் வரைக்கும் பாதையைக் கொண்டு போயிட்டா அரசங்குறிச்சியில பாக்கறதுக்குன்னு ஒரு இடம் ஆயிரும். நோட்டீஸ் அடிச்சேன். 'பாலம் வரை நடப்போம்.' வாசகம் என்னோடதுதான்.

ஊரே குடுத்துச்சு சார். ஹார்டுவேர் கடை ரத்தினவேலு அண்ணாச்சி, எங்க தலைவர், தன் பேருக்கு ஒரு லட்சம்னு மைக்லயே சொன்னாரு. அவரு சொன்ன பிறகு மத்தவங்க சொல்லாம இருக்க முடியுமா? பூக்கடையில கூடச் சில்லறை போடப் பாட்டில் வச்சோம். ரைஸ்மில்காரர் டிராக்டர் குடுத்தாரு. எட்டு மாசம், ஒரு வெள்ளிக்கிழமை விடல.

அப்பதான் அந்தப் பொம்பள வந்துச்சு. சந்தனமாரின்னு பேரு. கட்டட வேலைக்குச் சித்தாளாப் போற பொம்பள. பாலத்துக்கு அந்தப் பக்கம் மணலோடைக் காலனி. காலனின்னா உங்களுக்குப் புரியும். உங்க ஊர்லயும் இருக்குமில்ல.

பழைய ஸ்டேஷன் டிக்கெட் ரூம்லதான் கூட்டம் போடுவோம். இன்னும் ரெண்டு பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டு வந்து வாசல்ல நின்னுச்சு. டாக்டரம்மா, "உள்ள வாங்க, உக்காருங்க"ன்னாங்க. நானும் சொல்லியிருப்பேன், அவங்க முந்திக்கிட்டாங்க. சேர் பத்தல. நின்னுக்கிட்டே பேசுச்சு.

"சார், எங்க காலனியில தொண்ணூத்தாறு வீடு. வீட்டுக்கு நூறும் எரநூறுமாப் போட்டுப் பதினோராயிரம் சேத்துருக்கோம். பாதை பாலம் வரைக்கும் வருதாமே. பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் எங்க பக்கம் இறங்குற மாதிரிப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா, எங்க பிள்ளைங்க பைபாஸ்ல போகாம இப்படியே ஸ்கூலுக்குப் போயிரும். வேலைக்கு ஆளு நாங்களே வர்றோம். கூலி வேண்டாம்."

அண்ணாச்சி செல்போனைப் பாத்தாரு. போன் அணைஞ்சு கிடந்துச்சு, இருந்தாலும் பாத்துக்கிட்டே இருந்தாரு. இந்த மாதிரி நேரத்துல யாராவது ஒருத்தர் பக்குவமாப் பேசணும். நான் பேசினேன்.

"நல்ல யோசனைம்மா. ஆனா பாலத்தோட உறுதியைப் பத்தி நிபுணர் கருத்து வாங்கணும்."

"அது ரயிலு போன பாலம் சார்."

"ரயில் போனது அப்பம்மா. இப்பப் போறது சைக்கிளும் ஆளும். அந்த லோடு வேற, இந்த லோடு வேற."

அது என்னையே பாத்துச்சு. டாக்டரம்மாவும் என்னையே பாத்தாங்க. பதினோராயிரத்தை ஒரு மஞ்சப் பையில வச்சிருந்துச்சு. நான் வாங்கவே இல்ல. "கஷ்டப்பட்டுச் சேத்த காசு, அனுமதி வரட்டும், பிறகு பாப்போம்"னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டேன். வந்த காசை வேண்டாம்னு சொன்ன வசூல்காரன் இந்த ஜில்லாவுல நான் ஒருத்தன்தான் இருப்பேன். அதை இன்னைக்கு எவனாவது பேசுறானா?

அவங்க போனதும் அண்ணாச்சி சொன்னாரு. "செயலாளரே, நான் லட்ச ரூவா சொன்னது பாதைக்கு. அது எங்க போய் நிக்குதுங்கறதைப் பொறுத்து யோசிக்கணும். நம்ம வீட்டுப் பொம்பளைங்க நடக்குற இடம்."

பாதுகாப்பைத்தான் சொல்றாரு. வேற ஒண்ணுமில்ல. நான் சாதி பாக்குற ஆளே கிடையாது சார். தாலுகா ஆபீஸ்ல எத்தனை ஆயிரம் சாதிச் சான்றிதழ் என் கை வழியாப் போயிருக்கு! ஒருத்தரையாவது அலைய விட்டிருப்பேனா? சட்டப்படி பாஞ்சு நாளு டைம் உண்டு, பதினாலாம் நாளே குடுத்துருவேன்.

டாக்டரம்மா கேட்டாங்க, "சார், பாலம் வரைக்கும்னு சொல்லித்தானே காசு வாங்கினோம்?" வாஸ்தவம். அதனாலதான் நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பாலத்துக்கு முன்னூறு மீட்டர் முந்தியே பாதையை முடிச்சுருவோம். முடிக்கிற இடத்துல உயரமா ஒரு மேடை, மேடைக்குப் பின்னால ஆளு உசரத்துக்குச் சுவர். மேடையில ஏறி நின்னா பாலம் தெரியும். 'காட்சி மேடை'. பாலம் வரைக்கும் நடக்காட்டி என்ன, பாலம் வரைக்கும் பாக்கலாமே. எல்லாரும் கை தட்டினாங்க. டாக்டரம்மா மட்டும் ஒரு பேப்பரை எடுத்து, முன்னூறு மீட்டர் பாதையைவிடச் சுவருக்கும் மேடைக்கும் கூடச் செலவாகும்னு எழுதிக் காட்டினாங்க. அவங்க படிப்பு வேற, நிர்வாகம் வேற. சுவர்னா ஒரு தடவைச் செலவு. பாதைன்னா வருஷா வருஷம் பராமரிக்கணுமில்ல? அந்த வாரமே குழுவுலருந்து விலகிக்கிறேன்னு லெட்டர் குடுத்துட்டாங்க. பாவம், ஆஸ்பத்திரியில கூட்டம் ஜாஸ்தி. அவங்களுக்கு நேரம் இல்ல.

திறப்பு விழா பிரமாதமா நடந்துச்சு. நன்கொடையாளர் பேரு பூராம் சுவர்ல கிரானைட். முதல்ல அண்ணாச்சி பேரு, முழங்கை நீள எழுத்துல. செயலாளர்னு என் பேரு கீழ, மூலையில. நான் பெருசா வேண்டாம்னுட்டேன். கொஞ்சம் பெருசாப் போட்டிருக்கலாம்தான்.

அது ஆவணி மாசம். ஐப்பசியில ஒரு நாளு, நல்ல மழை, பைபாஸ்ல அந்தச் சந்தனமாரி மகளை லாரி தட்டிருச்சு. பவித்ரான்னு பேரு, ஒன்பதாங் கிளாஸ். சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போன பிள்ளை. உயிருக்கு ஒண்ணுமில்ல. தொடையெலும்பு முறிஞ்சு போச்சு, கம்பி வச்சுத் தச்சாங்க.

குழு சார்பா நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேற எவனும் போகல. ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கிலோ ஆப்பிள். பிள்ளை கண்ணை மூடிக் கிடந்துச்சு. அந்தப் பொம்பள கட்டில் பக்கத்துல நின்னுச்சு. நான் ஆறுதலா நாலு வார்த்தை சொன்னேன். பைபாஸ்ல லாரிக்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாமப் போறானுங்க, அரசாங்கம் கவனிக்கணும்னு சொன்னேன். அது எல்லாத்தையும் கேட்டுட்டு, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு.

"சார், அந்த நிபுணரு வந்து பாத்துட்டாரா?"

"கடிதம் தயாரா இருக்கும்மா"ன்னேன். பொய் இல்ல சார். ரெண்டு பக்கம் நானே டைப் பண்ணி வச்சிருந்தேன். தலைவர் கையெழுத்து வேணும். அண்ணாச்சி அப்ப சரக்கு எடுக்கக் கோயமுத்தூர் போயிருந்தாரு. வந்த பிறகு நான் ஞாபகப்படுத்தல. ஒரு பெரிய மனுஷனை எத்தனை தடவை தொந்தரவு பண்றது?

"சரிங்க சார்"னுச்சு. ஹார்லிக்ஸை வாங்கிக்கிட்டுச்சு. ஆப்பிளைப் பக்கத்துக் கட்டில் பிள்ளைங்களுக்குக் குடுத்துருச்சு. அது ஒரு மாதிரிதான் இருந்துச்சு எனக்கு.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை காட்சி மேடையில நின்னுட்டிருக்கேன், அந்தப் பக்கம் ஒரே புகை. என்னன்னு பாத்தா, காலனிக்காரங்க மொத்தமா இறங்கி ரயில் ரோட்டுல முள்ளு வெட்டி எரிக்காங்க. ஆம்பளை பொம்பளை அம்பது அறுபது பேரு இருக்கும். எதுக்கோ இடத்தைச் சுத்தம் பண்றாங்கன்னு நினைச்சேன். அடுத்த ஞாயிறும் வெட்டினாங்க. பிறகு மண்ணு கொண்டாந்து நிரவினாங்க. அவங்களுக்குள்ளயே நாலு கொத்தனார் இருக்காங்க, சித்தாள் பாதி வீட்டுல உண்டு, வேலை தெரிஞ்ச ஆளுங்க. பாலத்தோட கைப்பிடிச் சுவர் ரெண்டு எடத்துல இடிஞ்சிருந்ததைக் கட்டிப் பூசிட்டாங்க. காலனிப் பையன் ஒருத்தன் திண்டுக்கல் பக்கம் இஞ்சினியரா இருக்கானாம். அவன் லீவுல வந்து பாலத்துக்கு அடியில இறங்கிப் பாத்துட்டு, இதுல இப்பக்கூட ரயில் விடலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான்.

பாருங்க, நிபுணர் கருத்து வந்துருச்சு. நான் கேட்டதும் அதைத்தானே?

பொங்கலுக்குள்ள நம்ம சுவர் வரைக்கும் வந்துட்டாங்க. இடிச்சுருவாங்கன்னு அண்ணாச்சி பயந்தாரு. இடிக்கல. கைகூட வைக்கல. சுவருக்குப் பக்கவாட்டுல சரிவா மண்ணு ஏத்தி, கல்லு பாவி, சுவரைச் சுத்திக்கிட்டு நம்ம பாதையில வந்து சேர்ற மாதிரி ஒரு வழி போட்டுட்டாங்க. சைக்கிள் சர்ருனு ஏறி சர்ருனு இறங்குது. மறுநாள் காலையில ஸ்கூல் யூனிபாரத்துல முப்பது பிள்ளைங்க, ஒண்ணு பின்னால ஒண்ணா, மணியடிச்சுக்கிட்டு நம்ம பாதை வழியாப் போச்சுங்க.

அவசரக் கூட்டம் போட்டோம். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிவந்துபோச்சு. "போலீஸ்ல எழுதிக் குடுங்க, ஆக்கிரமிப்புன்னு." நான்தான் சொன்னேன், அவசரப்படக் கூடாது, முதல்ல வரைபடம் பாப்போம்னு. முப்பத்தோரு வருஷம் தாலுகா ஆபீஸ்ல குப்பை கொட்டியிருக்கேனே! சர்வே வரைபடத்தை வாங்கி அளந்து பாத்தா, அவங்க வழி போட்டது புறம்போக்குல. அதுல யாரும் யாரையும் கேக்க முடியாது. நம்ம சுவரும் மேடையுந்தான் அனுமதி குடுத்த இடத்தைத் தாண்டி மூணடி வெளியில நிக்குது.

புகார்னு போனா முதல்ல நம்ம சுவர்தான் போகும். கிரானைட்டோட போகும். பிறகு நான் எந்திரிச்சு, "மனிதாபிமான அடிப்படையில் அந்த வழியைக் குழு ஆட்சேபிக்கவில்லை"ன்னு தீர்மானம் எழுதினேன். அப்படியே எழுதியிருக்கேன் சார், மினிட் புக்ல இருக்கு. அன்னைக்கு நான் விட்டுக்குடுக்கலைன்னா அந்த வழி இன்னைக்கு இருந்திருக்குமா? அந்தப் பிள்ளைங்க யாருக்காவது அது தெரியுமா?

அதுக்குப் பிறகு நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா வர்றதை நிறுத்திட்டாங்க. அண்ணாச்சி கல்லூரி மைதானத்துல நடக்காரு. அவரு போனா அவரு கூட நாப்பது பேரு போவாங்க. சைக்கிள் தொந்தரவுன்னு சொல்றாங்க. சைக்கிள் எட்டரைக்கு வருது, இவங்க நடக்கறது அஞ்சரைக்கு. எப்படித் தொந்தரவுன்னு எனக்குத் தெரியல, ஆனா பெரியவங்க காரணமில்லாமச் சொல்ல மாட்டாங்க. குழுவுலயும் மத்தவங்க வர்றதில்ல. ரெண்டு பேரு சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. மைதானத்துக்கு இப்ப ஒரு புதுக்குழு, அதுக்கு வசூல். வெள்ளிக்கிழமை நான் போனா, "இப்பதான் சார் மைதானத்துக்குக் குடுத்தோம்"ங்கறாங்க.

அதனாலதான் இந்தப் பக்கம் இப்படிக் கிடக்கு. முள்ளு பாருங்க, பாதையில பாதிக்கு வந்துருச்சு. வேம்பு நாலு பட்டுப்போச்சு. சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பாத்தீங்கன்னா கண்ணாடி மாதிரி இருக்கும். நான் அதிகம் போனதில்ல. ஒரே ஒரு தடவை போனேன். மேற்பார்வைக்கு. குழு ஆட்சேபிக்காத வழி, அதை எப்படி வச்சிருக்காங்கன்னு பாக்க வேண்டியது செயலாளர் கடமைதானே?

போன மாசம். எனக்குச் சர்க்கரை உண்டு. அன்னைக்கு மாத்திரையைப் போட்டுட்டுச் சாப்பிடாம வந்துட்டேன். பாலத்துல ஏறி நடு வளைவுகிட்டப் போறேன், உடம்பெல்லாம் நடுங்குது, வேர்வை கொட்டுது. கண்ணு இருட்டிட்டு வருது. பிடிமானத்துக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சேன். அது இல்லாம இருந்திருந்தா கீழ மணலுக்குத்தான் போயிருப்பேன். அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டேன்.

யாரோ ஓடி வந்தாங்க. கக்கத்துல கை குடுத்துத் தூக்கிச் சாய்ச்சு உக்கார வச்சாங்க. பாத்தா சந்தனமாரி. வேலைக்குக் கிளம்பி தூக்குவாளியோட வந்திருக்கு. "சார் சுகரு உள்ளவரு போல, சீனி கொண்டா, ஓடு"ன்னு யாரையோ விரட்டுச்சு. வீட்டுலருந்து டீ வந்துச்சு. பாதிக்குப் பாதி சீனி. டம்ளரை என் வாயில வச்சு, "மெதுவா சார், மெதுவா"ன்னு ஊட்டுச்சு. நான் குடிச்சேன் சார். ஒண்ணும் நினைக்கல. எவர்சில்வர் டம்ளர்தான், நல்லாக் கழுவித்தான் இருந்துச்சு. இதை நான் வீட்டுல சொல்லல. சொல்லக் கூடாதுன்னு இல்ல, சந்தர்ப்பம் வரல.

கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுருச்சு. அப்பத்தான் அந்தப் பிள்ளை பவித்ரா ஸ்கூல் பையோட வந்து நின்னுச்சு. சைக்கிள் மிதிக்க முடியாதாம், நடந்துதான் போகுது. இடது கால் கொஞ்சம் குட்டை விழுந்துருச்சு, சாய்ச்சு சாய்ச்சு நடக்கு. சின்ன வயசுதானே, சரியாயிரும். என்னைப் பாத்து, "இப்பத் தேவலையா தாத்தா?"ன்னு கேட்டுச்சு. நான் தலையாட்டினேன். ஏனோ தெரியல, அந்தப் பிள்ளைகிட்ட எனக்கு வாயே வரல. நாலு பேரு முன்னால மைக்கைப் பிடிச்சு ஒரு மணி நேரம் பேசுறவன் நான்.

பிள்ளை போன பிறகு சந்தனமாரி இடுப்புல செருகியிருந்த ஒரு நோட்டை எடுத்துச்சு. நாப்பது பக்க நோட்டு. "சார், வீட்டுக்கு மாசம் இருவது ரூவா எடுக்கோம், முள்ளு வெட்டவும் மண்ணு போடவும். அடுத்த மாசத்துலருந்து சுவரைத் தாண்டி உங்க பக்கமும் வெட்டிட்டு வரலாம்னு இருக்கோம். பிள்ளைங்களுக்குக் காலுல முள்ளு குத்துது. பாதையில நடக்குறவங்க பேரெல்லாம் எழுதுறேன். உங்க பேரையும் எழுதட்டுமா சார்?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்கிட்டயா? பதினோரு ரசீது புக்கு தீத்தவன்கிட்டயா? யோசிச்சுப் பாத்தா சார், இத்தனை வருஷத்துல என்கிட்ட ஒருத்தரும் கேட்டதே இல்ல. ஏன் கேக்கணும், நான்தானே கேக்குற ஆளு. அது என் பேரை எழுதிருச்சு. குண்டு குண்டா, நல்ல எழுத்து. எழுதிட்டு, தொகை போடுற எடத்துல பேனாவை வச்சுக்கிட்டு என்னைப் பாத்துச்சு.

"எவ்வளவு போட சார்?"

சட்டைப் பையில அம்பது ரூவா இருந்துச்சு. நடக்க வரும்போது எப்பவும் வச்சிருப்பேன், பால் வாங்க. கை அதுகிட்டப் போச்சு. ஆனா பாருங்க, நான் தனி ஆளு இல்ல. ஒரு அமைப்போட செயலாளர். இன்னொரு அமைப்புக்கு நான் பாட்டுக்கு நன்கொடை குடுத்தா அது என்ன முறை?

"குழுவுல வச்சுப் பேசிட்டுச் சொல்றேம்மா"ன்னேன்.

"சரிங்க சார்"னு நோட்டை மூடி இடுப்புல செருகிக்கிட்டுச்சு. வேலைக்கு நேரமாயிருச்சு போல, வேகமாப் போயிருச்சு.

நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன் சார். வீட்டுக்கு வந்ததும் லெட்டர்பேடுல கூட்ட அறிவிப்பு எழுதினேன். பொருள் ஒண்ணு: சென்ற கூட்ட நடவடிக்கை. பொருள் ரெண்டு: மணலோடைப் பகுதிப் பராமரிப்புக்கு நன்கொடை வழங்குவது குறித்து. மத்த ஆறு பேருக்கும் தபால்ல அனுப்பினேன். டாக்டரம்மாவுக்கும்தான், விலகினவங்கன்னாலும் ஒரு மரியாதைக்கு. நாலு வாரமா ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு டிக்கெட் ரூமைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். வருகைப் பதிவுல நான் கையெழுத்துப் போடுறேன். அதுக்குக் கீழ யாரும் போடல.

கோரம் இல்லாம என்ன செய்யிறது? விதிப்படி மூணு பேராவது வேணும். நான் ஒருத்தன் மட்டும் எப்படி சார் முடிவெடுக்க முடியும்?